ஒரு நாளைக்கு நாற்பது விநாடி மின்சாரம்

“அசையாம உக்காருங்க, ஒண்ணும் பெருசா இருக்காது” என்றார் நரம்பியல் மருத்துவர். ஒரு கையில் டேப்லெட். இன்னொரு கையால் சின்ன வட்டக் கருவி ஒன்றை என் இடது காறை எலும்புக்குக் கீழே, துணிக்கு மேலேயே வைத்துப் பிடித்திருந்தார். வலிப்பை அடக்கக் கழுத்து நரம்புக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டியை அந்த இடத்தில் தோலுக்கு அடியில் பதித்து அன்றோடு இரண்டு வாரம். தையல் ஆறும்வரை அதை ஓடவிட மாட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் ஓட்டம்.

டேப்லெட்டில் எதையோ தொட்டார். தொண்டைக்குள் இறகால் வருடியது போல ஒரு கூச்சம். இருமினேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கிவிட்டது. “0.25 மில்லிஆம்பியர். இதுதான் முதல் படி” என்றார். நான் எதிர்பார்த்திருந்தது வேறு. மூளைக்கு மின்சாரம் என்றதும் தலைக்குள் ஏதாவது பளிச்சென்று நடக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது தொண்டையில் ஒரு அரிப்பு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, “அவ்வளவுதானா?” என்று என்னைவிட ஏமாற்றமாகக் கேட்டாள்.

அப்போது எனக்கு வயது 34. வலிப்பு வரத் தொடங்கியது 16 வயதில். எனக்கு வருவது பெரும்பாலும் சத்தம் போடாத வகை. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், இல்லாத ஒரு கருகல் வாடை வரும், அதற்கப்புறம் எனக்கு நினைவு இருக்காது. பார்ப்பவர்கள் சொல்வது: வெறித்துப் பார்ப்பேன், உதட்டைச் சப்புவேன், வலது கை துணியின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கும். மாதத்தில் ஒன்றிரண்டு மட்டும் உடம்பு முழுக்கப் பரவி, விறைத்து, வெட்டி இழுத்து முடியும்.

மாத்திரைகளில் நான்கு பார்த்தாகிவிட்டது. கார்பமசெபின், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம், க்ளோபசாம், அப்புறம் இவற்றையே ஜோடி மாற்றி மாற்றி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு அது மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. க்வான், ப்ரோடி என்ற இரண்டு மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது மருந்தில் நின்றவர்கள் இன்னும் 13 சதவீதம். அதற்கப்புறம் எத்தனை மாற்றினாலும் கூடுதலாகக் கிடைத்தது 4 சதவீதம்தான். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 2010 முதல் உலகளாவிய வரையறை. நான் ஐந்தாவது மாத்திரைக்காக இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தேன். இதைப் படிக்கும் யாராவது மூன்றாவது மாத்திரையில் இருந்தால், வலிப்புக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கும் இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாத்திரை மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே போனபோது ஐந்து நாள் கேமராவுக்கு எதிரில், தலை முழுக்க ஒயரோடு படுக்க வைத்தார்கள். வீடியோ இஇஜி, அதாவது வலிப்பு வரும்போது மூளை அலைகளையும் உடம்பின் அசைவையும் ஒன்றாகப் பதிவது. வலிப்பு ஒரே இடத்தில் தொடங்கினால் அந்த இடத்தை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைதான் முதல் தேர்வு, முழுசாக நிற்க அதில்தான் வாய்ப்பு அதிகம். எனக்கு இடது, வலது இரண்டு பொட்டுமடல்களிலும் (காதுப் பக்கம் இருக்கும் மூளைப் பகுதிகள்) மாறி மாறித் தொடங்குவது தெரிந்தது. இரண்டையும் எடுத்தால் நினைவாற்றல் போய்விடும். அந்தக் கதவு மூடியது. அப்போதுதான் வேகஸ் நரம்புத் தூண்டல், சுருக்கமாக விஎன்எஸ் என்ற பேச்சு வந்தது.

“நெஞ்சுல பெட்டி வெச்சா மூளைல எப்படி வேலை செய்யும்?” என்று கேட்டது அக்காதான். நான் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

நான் கணக்கு டீச்சர். அதனால் மருத்துவர் சொன்னதை என் வகுப்பறைக்குக் கொண்டுவந்துதான் புரிந்துகொண்டேன். நான் வெளியே போயிருக்கும்போது வகுப்பில் ஆளுக்கொரு பேச்சாக இரைச்சல் இருக்கும். அது ஆரோக்கியமான மூளை. கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் தங்கள் தங்கள் வேலையாகச் சளசளத்துக்கொண்டிருக்கின்றன. திடீரென்று கடைசி பெஞ்சில் ஒருவன் மேசையைத் தட்டத் தொடங்குகிறான், பக்கத்தில் இருப்பவனும் அதே தாளத்தில் தட்டுகிறான், வரிசை வரிசையாகப் பரவி அறையே ஒரே தாளத்தில் அதிர்கிறது. வலிப்பு அதுதான். செல்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் மின்துடிப்பு விடுவதுதான் கோளாறு. மூளையில் மின்சாரம் கூடிவிட்டது என்று பலர் சொல்வது பாதி உண்மைதான்.

வேகஸ் என்பது மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் 10-வது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். பெயருக்கேற்றபடி கழுத்து வழியாக இறங்கிக் குரல்வளை, இதயம், நுரையீரல், குடல் என்று எல்லா இடத்துக்கும் போய்வருகிறது. மூளை உடம்புக்கு உத்தரவு அனுப்பும் கம்பி என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் எதிர்த்திசையில், உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. அதனால்தான் மண்டையைத் திறக்காமல் கழுத்திலிருந்தே மூளையைத் தொட முடிகிறது.

கழுத்தில் கொடுத்த துடிப்பு முதலில் போய்ச் சேர்வது மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்பு முடிச்சுக்கு. அங்கிருந்து இரண்டு முக்கியமான கிளைகள் பிரிகின்றன. ஒன்று நார்அட்ரினலின் சுரக்கும் லோகஸ் செருலியஸ் என்ற நீலப்புள்ளிக்குப் போகிறது. இன்னொன்று செரட்டோனின் சுரக்கும் ராஃபே பகுதிக்கு. இவை இரண்டும் மூளை முழுக்கக் கை நீட்டியிருப்பவை. செல்கள் சுலபத்தில் கிளர்ந்துவிடாதபடி இழுத்துப் பிடிக்கிற ரசாயனங்கள் இவற்றிலிருந்து வருகின்றன. 1998-ல் எலிகளில் செய்த ஆய்வில் அந்த நீலப்புள்ளியைச் செயலிழக்கச் செய்துவிட்டு வேகஸைத் தூண்டியபோது வலிப்பு அடங்கவில்லை. ஆக அந்தப் புள்ளி இதில் வெறும் பார்வையாளர் இல்லை. இதற்கு மேல், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸுக்கும் செய்தி போகிறது. மூளை மேற்பரப்பின் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பதில் தலாமஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அடிக்கடி துடிக்கும் தூண்டல் அங்கே ஒத்திசைவைக் கலைக்கிறது.

என் வகுப்பறைக் கணக்கில் சொன்னால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேசைத் தாளம் சேர விடுவதில்லை. ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் உதைக்கும். கதவைத் தட்டினால் பலன் அன்றைக்கே தெரியும். மூளையில் அப்படி இல்லை. ரசாயன அளவுகளும் செல்களுக்கு இடையிலான இணைப்புகளும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. இந்த ஒரு விஷயத்தை நான் அன்றைக்கே உள்வாங்கியிருந்தால் முதல் அரை வருடம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

யோசனை புதிதும் இல்லை. 1880-களிலேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் கார்னிங் என்ற மருத்துவர் கழுத்து ரத்தக்குழாயை அழுத்தி, கூடவே வேகஸ் நரம்புக்கு மின்சாரமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மூளைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதுதான் வலிப்புக்குக் காரணம் என்பது அவர் எண்ணம். காரணம் தப்பு, கை வைத்த இடம் சரி. தலைசுற்றலும் மயக்கமும் வந்ததால் அது கைவிடப்பட்டது. 1938-ல் பெய்லியும் ப்ரெமரும் பூனைகளின் வேகஸைத் தூண்டி மூளை அலைகள் மாறுவதைக் காட்டினார்கள். 1980-களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஜபாரா நாய்களுக்கு வலிப்பு அடங்குவதைக் கண்டார். 1988-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். ஐரோப்பாவில் 1994-லும் அமெரிக்காவில் 1997-லும் அனுமதி கிடைத்தது. 4 வயதுக் குழந்தைகள் வரை என்று அமெரிக்காவில் விரித்தது 2017-ல்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழு மயக்கம், இரண்டு சின்ன வெட்டு. கழுத்தின் இடப்பக்கம் ஒன்று, காறை எலும்புக்குக் கீழே ஒன்று. கழுத்தில் நரம்பைச் சுற்றி மூன்று சுருள்கள் வைக்கிறார்கள். இரண்டு மின்சாரம் பாய்ச்ச, ஒன்று கம்பி இழுபடாமல் பிடித்துக்கொள்ள. இடப்பக்கம் ஏன் என்றால், இதயத்துடிப்பைத் தொடங்கி வைக்கும் முடிச்சுக்கு வலது வேகஸிலிருந்துதான் அதிக இழைகள் போகின்றன. அதைச் சீண்ட வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை கணக்குப் போட்டதுதான். தொழில் புத்தி. 30 விநாடி ஓடும், 5 நிமிடம் ஓயும். ஆக ஒரு சுற்றுக்கு ஐந்தரை நிமிடம். ஒரு நாளைக்குச் சுமார் 262 சுற்று. ஒரு விநாடிக்கு 20 துடிப்பு வீதம் 30 விநாடிக்கு 600 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பின் அகலம் 250 மைக்ரோவிநாடி. 600-ஐ 250-ஆல் பெருக்கினால் 0.15 விநாடி. அதை 262-ஆல் பெருக்கினால் 39.3. ஒரு முழு நாளில் என் நரம்பில் உண்மையாக மின்சாரம் பாயும் நேரம் மொத்தமே நாற்பது விநாடிகூட இல்லை! அதுவும் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர். இதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். “ஷாக் அடிக்காதா?” என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டதற்கு அதுதான் பதில்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் 0.25 வீதம் ஏற்றிக்கொண்டு வந்தோம். 1 மில்லிஆம்பியரைத் தாண்டியபோது குரல் மாறத் தொடங்கியது. பேசிக்கொண்டே இருப்பேன், திடீரென்று சளி பிடித்தவள் போலக் கரகரக்கும், அரை நிமிடத்தில் பழைய குரல் திரும்பும். குரல்வளைக்குப் போகும் நரம்பே வேகஸின் கிளைதான் என்பதால் இது பெரும்பாலானவர்களுக்கு வரும். டீச்சருக்கு வந்தால் கொஞ்சம் சிரமம். முதல் வாரம் மிகவும் கூச்சப்பட்டேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். தொண்டையில் அரிப்பு தொடங்கியதுமே பலகைக்குத் திரும்பி அடுத்த வரியை எழுத ஆரம்பித்துவிடுவேன். மின்சாரம் ஏறும்போது சட்டென்று முழு அளவுக்கு ஏறாமல் இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளும், அந்த அவகாசமே திரும்பப் போதும். ஒரு மாதத்தில் என் பாடமே ஐந்து நிமிடப் பேச்சு, அரை நிமிட எழுத்து என்று அமைந்துபோனது. முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். நம்பலாமா தெரியவில்லை. துடிப்பின் அகலத்தை 500-லிருந்து 250-ஆக இறக்கினால் குரல் தொல்லை குறையும். இதை நாம் கேட்க வேண்டும். பொறுத்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. எனக்கு 500-ல்தான் தொடங்கியிருந்தார்கள். என் கணக்கில் 250 வந்தது நான் முறையிட்ட பிறகுதான். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளையும் அப்போது திருத்தி எழுதினேன்.

நான்காவது மாதத்தில் மனசு விட்டுப்போனது. அக்கா என் வலிப்புகளைக் குறித்துவைக்கும் நோட்டில் கருவிக்கு முன் மாதத்துக்கு 9, 10, 8 என்று இருந்தது. வைத்த பிறகு 9, 8, 9, 8. இதற்காகவா கழுத்தில் வெட்டு என்று அழுதேன். அடுத்த சந்திப்பில் “இதை அணைச்சிடுங்க” என்றே சொல்லிவிட்டேன்.

மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டைக் கேட்டு வாங்கினார். எண்ணிக்கையைப் பார்க்காமல் விரலை அக்காவின் கடைசிப் பத்தியில் வைத்தார். அது அக்கா தானாகவே சேர்த்திருந்த பத்தி, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலைப்பு: ‘பேர் சொல்ல எவ்வளவு நேரம்’. வலிப்பு முடிந்ததும் “உன் பேர் என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் சரியாகச் சொல்லும் வரை எத்தனை நிமிடம் என்று எழுதிவைப்பாள். முன்பு 40, 55, 35, 60 என்று போன பத்தி, கடைசி இரண்டு மாதத்தில் 20, 15, 25, 10 என்று இறங்கியிருந்தது. பெரிய வலிப்பாகப் பரவியது முந்தைய மூன்று மாதத்தில் ஐந்து. இந்த மூன்று மாதத்தில் ஒன்று. நான் அதைப் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் வலிப்பு நேரம் நினைவில் இருப்பதே இல்லையே.

“எண்ணிக்கை கடைசியாகத்தான் இறங்கும். ஒரு வருஷம் கொடுங்க” என்றார். ஆரம்பகால ஆய்வுகளிலும் மூன்று மாதத்தில் சராசரிக் குறைவு கால்வாசி அளவுதான். வருடங்கள் ஓட ஓடத்தான் அது கூடி, ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைகிறது. முழுவதும் நின்றுபோவது சிலருக்கு மட்டும்தான். ஒன்றுமே மாறாதவர்களும் உண்டு. இதை முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடும் மருத்துவர் கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு முதல் வருட முடிவில் மாதத்துக்கு 6. இரண்டாம் வருடம் 4. மூன்றாம் வருடத்திலிருந்து 3, சில மாதம் 2. பூஜ்யம் வந்த மாதம் இதுவரை இரண்டு.

ஆகவே நோட்டுப் போடுகிறவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நேரம் நீடித்தது, உடம்பு முழுக்கப் பரவியதா, தெளிய எவ்வளவு நேரம், காந்தம் போட்டோமா, போட்டதில் நின்றதா. எழுதுவது நோயாளியாக இருக்கக் கூடாது, பார்க்கிறவர் எழுத வேண்டும்.

காந்தம் என்றதும் எங்கள் வீட்டுக் கூத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவியோடு கடிகாரம் போலக் கையில் கட்டிக்கொள்ளும் காந்தம் ஒன்று தருகிறார்கள். வலிப்பு வரும் அறிகுறி தெரிந்ததும் அதைப் பெட்டிக்கு மேலாக ஒருமுறை வீசி எடுத்தால், முறை வரும்வரை காத்திராமல் கருவி உடனே ஒரு கூடுதல் தூண்டல் கொடுக்கும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வலுவாக, ஒரு நிமிடம் வரை. எனக்கு அந்த வயிற்று ஏற்றம் முன்கூட்டியே தெரிவதால் நானே போட்டுக்கொள்ளவும் சில தடவை முடிந்திருக்கிறது. வாடை வந்து, காந்தத்தை இழுத்து, தொண்டை கரகரத்து, அப்படியே அடங்கிப்போன தருணங்கள் உண்டு. எல்லாத் தடவையும் இல்லை.

ஒருநாள் பெரிய வலிப்பு வந்தது. அக்கா பதறிப்போய்க் காந்தத்தை என் நெஞ்சில் வைத்து, வலிப்பு முடியும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அழுத்தினால் நன்றாகப் பாயும் என்று நினைத்தாள். நடந்தது நேர்மாறு. காந்தம் மேலேயே இருக்கும்வரை கருவி ஓடாது. அது அணைக்கும் வழி. வீசி எடுத்தால் முடுக்கம், வைத்துப் பிடித்தால் நிறுத்தம். எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தான் இருந்தார்கள், பதற்றத்தில் யாருக்கு நினைவு இருக்கும்? அதிலிருந்து அக்கா வாய்விட்டே எண்ணுவாள். “ஒண்ணு, எடு.” எங்கள் ஆசிரியர் அறையில் நான்கு பேருக்கு அதே சொற்களில்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நிறுத்தும் வழி எனக்கு வேறொரு விதத்தில் பயன்பட்டது. ஆண்டு விழாவில் ஆறு நிமிடம் மேடையில் பேச வேண்டியிருந்தபோது, மருத்துவரிடம் கேட்டுவிட்டு, காந்தத்தைப் பெட்டிக்கு மேல் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு பேசினேன். குரல் கம்மவே இல்லை. இறங்கியதும் முதல் வேலையாகக் கழற்றினேன். காந்தம் இப்போது மூன்று வைத்திருக்கிறேன்: கையில் ஒன்று, கைப்பையில் ஒன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று. கைப்பையில் இருந்தது ஏடிஎம் அட்டை ஒன்றின் கதையை முடித்தது. பக்கத்தில் வைக்காதீர்கள்.

காந்தம் இருக்கிறது என்பதற்காகப் பழைய முதலுதவி மாறிவிடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் அவசர மருந்து கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். காந்தத்தை வைத்துக்கொண்டு ஆறாவது, ஏழாவது நிமிடம்வரை முயன்று பார்ப்பது ஆபத்து.

என் கருவி இதயத்துடிப்பைக் கவனிக்கும் வகை. பலருக்கு வலிப்பு தொடங்கும்போது துடிப்பு திடீரென்று எகிறும். அதைப் பிடித்துக் கருவி தானாகவே ஒரு தூண்டல் கொடுக்கும். எத்தனை சதவீதம் எகிறினால் என்பதை 20-லிருந்து 70 வரை வைக்கலாம். எனக்கு முதலில் 20-ல் வைத்தார்கள். மூன்றாவது மாடி வகுப்புக்கு வேகமாகப் படியேறினால் போதும், முறையில்லாத நேரத்தில் தொண்டை அரிக்கும். படிக்கட்டும் வலிப்பும் அதற்கு ஒன்றுதான். 40-க்கு ஏற்றிய பிறகு சரியாகிவிட்டது.

தூக்கத்தில் நடந்தது நானாகத் தெரிந்துகொள்ளவே முடியாத ஒன்று. ஒரு வருடத்துக்கு அப்புறம், போதுமான அளவு தூங்கியும் பகலில் கண் சொக்கிக்கொண்டே இருந்தது. மாத்திரை என்று நினைத்தேன். ஒருநாள் என் பக்கத்தில் படுத்திருந்த அக்கா காலையில் சொன்னாள்: “நீ ராத்திரி குறட்டை விடுறே, நடுவுல நிறுத்துறே, மறுபடி விடுறே. நேரம் பார்த்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்.” அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூண்டல் ஓடும் விநாடிகளில் தூக்கத்தில் மூச்சு ஆழம் குறையலாம், ஏற்கெனவே மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அது கூடலாம். தூக்கப் பரிசோதனை செய்து, இரவுக்கு மட்டும் அமைப்பை மாற்றி வைத்தார்கள். பகல் தூக்கம் போயிற்று. கருவி வைப்பதற்கு முன்பே குறட்டை, மூச்சுத்தடை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மற்ற மருத்துவர்களிடம் போகும்போதுதான் இன்னும் கவனம் தேவை. தோள்வலிக்காக ஒரு பிசியோதெரபி இடத்துக்குப் போனேன். நான் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தும், ஷார்ட்வேவ் வெப்பச் சிகிச்சை இயந்திரத்தைத் தோளுக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த டயாதெர்மி வகை எதுவும் எங்கேயும் கூடாது. உடம்பின் வேறு பகுதியில் வைத்தாலும் கம்பி சூடாகி நரம்பைப் பொசுக்கலாம். சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்டும் அப்படித்தான். வயிறு பார்க்கும் சாதாரண ஸ்கேன் பரவாயில்லை. எழுந்து வந்துவிட்டேன். முகத்தில் அடித்தாற்போல இருந்திருக்கும், இருக்கட்டும்.

எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் மாடலைப் பொறுத்து நிபந்தனைகள் உண்டு. எடுப்பதற்கு முன் மின்னளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். ஒருமுறை ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்து சாயங்காலம் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் தொண்டை அரிக்கவில்லை. காந்தத்தை வீசிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்ப முடுக்கிவிட மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை போய் நின்று போட்டுக்கொண்டு வந்தேன். முதல் மாதம் சபித்த அந்த அரிப்பு, இப்போது வேலை செய்கிறது என்று சொல்லும் ஒரே சாட்சி. அதிலிருந்து ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்ததும் ஐந்தரை நிமிடம் உட்கார்ந்து, தொண்டை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வருகிறேன்.

மாத்திரையைப் பற்றி ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் வருடத்தில் நன்றாக இருக்கிறதே என்று ராத்திரி மாத்திரையை நானாகப் பாதியாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் ஒரே காலையில் நான்கு வலிப்பு. இந்தக் கருவி மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தது. அதற்குப் பதிலாக வந்தது இல்லை. பிற்பாடு மருத்துவரே க்ளோபசாமை எட்டு மாதம் எடுத்துக்கொண்டு, துளித்துளியாகக் குறைத்து நிறுத்தினார். அப்போது ஒன்றும் ஆகவில்லை.

தலாமஸிலேயே மின்முனை வைக்கும் ஆழ்மூளைத் தூண்டல் இருக்கிறது. வலிப்பு தொடங்கும் இடத்திலேயே உட்கார்ந்து அதைக் கண்டு அடக்கும் வகையும் அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்றது. இரண்டுக்கும் மண்டையைத் திறக்க வேண்டும். என் வலிப்புக்கு அவை தேவைப்படலாம் என்ற பேச்சு இப்போதைக்கு இல்லை.

பேட்டரி மாற்ற அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஐந்தரை வருடம் ஓடியிருக்கிறது. அமைப்பைப் பொறுத்து இன்னும் சீக்கிரமும் தீரும், இன்னும் தள்ளியும் போகும். கழுத்தைத் தொட மாட்டார்கள், மார்பில் பழைய வெட்டின் மேலேயே திறந்து பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். பலன் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு என்று சொல்லி, “உங்க முடிவு என்ன?” என்று மருத்துவர் கேட்டார். நான்காம் மாதத்தில் அணைக்கச் சொன்னவள் என்பதை அவர் மறக்கவில்லை போல. அக்கா எனக்கு முன்னால் “மாத்துறோம்” என்று சொல்லிவிட்டு, பேனாவை என் கையில் கொடுத்தாள். போன வாரம் புது நோட்டுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கடைசிப் பத்தி இந்த நோட்டில் கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறது. இரண்டு இலக்கம் இனி அடிக்கடி தேவைப்படாதாம்.